கேட்டைத் திறக்கச் சொன்னோம்

நடந்தவை, வரிசைப்படி:

1. நான் ஐந்தாம் படிவம் படித்த ஆண்டு, எங்கள் இடைநிலைப்பள்ளியில் மாணவர் பிரதிநிதி மன்றம் அமைத்தார்கள். பள்ளி எடுக்கும் முடிவுகளில் மாணவர் கருத்தும் சேர வேண்டும் என்றார்கள். நான் செயலாளர்.
2. என் வகுப்புத் தோழி அடிக்கடி தாமதமாக வந்தாள். கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டாள்.
3. காலையில் கேட்டை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கும்படி மன்றம் கேட்டது.
4. பள்ளி ஒப்புக்கொண்டது என்று நினைத்தோம்.
5. அவளை மேடைக்கு அழைத்தார்கள்.

இப்போது கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இயந்திரம் நின்றால், எதற்குப் பிறகு எது நின்றது என்று எழுதிப் பார்ப்பது பழக்கம். ஆனால் ஆறாவதை எழுதுவதற்கு முன் இரண்டாவதை விளக்க வேண்டும்.

அவள் லூனாஸ் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தின் பழைய தொழிலாளர் லயத்தில் இருந்தாள். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கூலிமில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வேலை வாரங்களில் கம்பெனி பஸ் அம்மாவைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிடும்போது பள்ளியில் முதல் பாடம் தொடங்கியிருக்கும். வீட்டில் நடை பழகும் வயதில் ஒரு தங்கை. பகல் வேலை வாரங்களில் அம்மா குழந்தையைக் கையோடு கொண்டுபோய்க் கம்பெனிக் காப்பகத்தில் விடுவார், இரவில் அது கிடையாது. அம்மா வந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் இவள் சைக்கிளை எடுக்க முடியும். கேட் ஏழரைக்குப் பூட்டப்படும். வெளியே நிற்பவர்களை அன்று வராதவர்களாகவே எழுதுவார்கள். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் பள்ளிப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு பொலிடெக்னிக் போக வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட பாப்பாவ விட்டுட்டு வாயேன்டி," என்று ஒரு நாள் கேண்டீனில் சொன்னேன்.

"அந்த அக்காவும் எங்கம்மா பஸ்லதான் வருது. ரெண்டும் தூங்கி வழிஞ்சுக்கிட்டே எறங்கும், பாக்கணும் நீ." அவள் சிரித்தாள். "கம்பெனி எங்கம்மாவுக்குச் சம்பளம் குடுக்குது, ஸ்கூல் எனக்கு லெட்டர் குடுக்குது. எங்க வீட்ல யாரும் சும்மா இல்ல லா."

அவள் தாமதமான நாட்களையும் அம்மாவின் ஷிஃப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. மன்றத்தில் மற்றவர்களும் தங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி இதையே சொன்னார்கள். பெயர் எதுவும் குறிப்பிடாமல் முதல்வரிடம் கொண்டுபோனோம். அவர் அட்டவணையைக் கவனமாகப் பார்த்தார். "பாகுஸ்", நல்லது, என்று மலாயில் சொன்னார். மாணவர் குரலைப் பள்ளி கேட்டுவிட்டது, மன்றத்தின் ஆலோசக ஆசிரியை மேற்கொண்டு பார்ப்பார் என்றார். ஆலோசக ஆசிரியை தமிழர், தோட்டத்தில் பிறந்தவர். நாங்கள் நிம்மதியாக வெளியே வந்தோம்.

எங்கள் பக்கத்தில் உதவி என்றால் மேடையில்தான் கொடுப்பார்கள். கோயிலில், பள்ளியில், தீபாவளிக்கு முன் மண்டபத்தில், எங்கும் அப்படித்தான். பின்னால் பேனர் இருக்கும். கொடுப்பவர் ஒரு கையால் கூடையைப் பிடித்திருப்பார், வாங்குபவர் இரண்டு கைகளாலும் பிடித்திருப்பார், படம் எடுத்து முடியும்வரை இருவரும் விடமாட்டார்கள். இதில் யாரும் குறை கண்டதில்லை. ஆசிரியையும் நல்ல மனதோடுதான் செய்தார்.

எங்கள் அட்டவணைத் தேதிகளை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, திங்கட்கிழமை சபைகூடலில் தோழியின் பெயரை வாசித்தார். அம்மா இரவெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறார், இந்த மாணவி தங்கையோடு தனியாக இருக்கிறாள், மன்றம் இதை நம் கவனத்துக்குக் கொண்டு வந்தது என்று ஒலிபெருக்கியில் சொன்னார். அரிசி, எண்ணெய், பால்மாவு, பிஸ்கட் நிரம்பிய கூடை. செயலாளர் என்பதால் என்னையும் மேடையில் நிற்க வைத்தார்கள். படம் அன்றைக்கே பள்ளியின் முகநூலில் வந்தது. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம். அவள் பால்மாவு டின்னைப் பார்க்கிறாள்.

வகுப்புக்குப் போகும் வழியில், "கேட் என்னாச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் ஆசிரியையிடம் போனேன். "டீச்சர், நாங்க கேட்டைத் தொறக்கத்தானே கேட்டோம்?"

"அது ஸ்கூல் ரூல்மா. ஒரு ஆளுக்குத் தொறந்தா நாளைக்கு எல்லாரும் ஆடி அசஞ்சு வருவாங்க. அதான் உதவி பண்ணியாச்சே. படத்துக்கு எவ்ளோ லைக் வந்திருக்கு, பாத்தியா?"

படம் தோட்டத்து வாட்ஸ்அப்புக்கும் போயிருந்தது. அந்த வாரக் கடைசியில் தோழியின் வீட்டுக்குப் போனேன். கூடை கட்டுப் பிரிக்காமல் கதவோரத்தில் இருந்தது. அம்மா என்னை உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"சோத்துக்கு இல்லன்னு நாங்க யாருகிட்டயும் போய் நிக்கலயேம்மா. பஸ்ல ஒவ்வொருத்தரும் கேக்கறாங்க, பொட்டப் புள்ளைங்கள ராத்திரியில தனியா விட்டுட்டா வரன்னு. இத்தன நாளு அது யாருக்கும் தெரியாது. இப்ப நான் எந்த வாரம் வீட்ல இல்லன்னு ஊருக்கே தெரியும்."

தோழி குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

அடுத்த இரவு வேலை வாரத்தில் அவள் வழக்கம்போல் தாமதமாக வந்தாள். கேட் பூட்டியிருந்தது. விளையாட்டுப் பாடத்துக்குத் திடலில் நின்ற பையன்களில் ஒருவன், "டேய், பால்மாவு வந்திருச்சு" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். காவலாளியும் சிரித்தார். வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஆறாவது அதுதான். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. அந்த மாதம் மன்றம் கூடியபோது அதைச் சொன்னேன். நேரமில்லை, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் விளையாட்டுப் போட்டி நாளுக்கான சட்டை நிறத்தைப் பற்றியது. மூன்றாவது கடிதம் அவள் வீட்டுக்குப் போனது.

அவள் எஸ்.பி.எம். எழுதவில்லை. தனித் தேர்வராக எழுதலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், பேச்சை மாற்றிவிட்டாள். இப்போது அவளும் கூலிமில்தான், வேறொரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. அந்தப் பள்ளியில் மன்றம் இன்னும் இருக்கிறது. முன்னாள் செயலாளர் என்ற முறையில் மாணவர் தலைமைத்துவம் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.