ராசிக்காரி உட்கார்ந்த இடுக்கு

ஒரே பக்கமாகக் காலை மடக்கிச் சிமெண்ட் தரையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால், முதலில் குறுகுறுக்கும், பிறகு எறும்பு ஏறும், அப்புறம் அந்தக் கால் நம்முடையதே இல்லை என்றாகிவிடும். என் பதினோராவது வயதில், ஆவடி குவார்ட்டர்ஸில், டென்னிஸ் என்றால் எனக்கு இதுதான்.

எங்கள் பிளாக்கில் கலர் டி.வி. இருந்தது சார்ஜ்மேன் ஏகாம்பரம் மாமா வீட்டில் மட்டும். தொழிற்சாலையில் அப்பாவுக்கு மேலே இருந்தவர் அவர். அப்பாவின் பதவி உயர்வுக் காகிதம் அந்த வருடம் அவர் கையெழுத்துக்காகக் கிடந்தது. ஜூலையில் லண்டன் புல்தரை ஆட்டத்தைக் காட்டும்போது பிளாக்கே அவர் கூடத்தில் வந்து அடைந்துகொள்ளும். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரி, ஆறு வருடமாக விடாமல் கோப்பை வாங்கிய ‘இடக்கைக்காரி’தான் என்பதில் மாமாவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மறுத்துப் பேசும் துணிச்சல், பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வரும் ஸ்டோர்ஸ் ரஹீம் பாய்க்கு மட்டும் இருந்தது. அவர் புதிதாக வந்த ‘ஜெர்மன்காரி’ கட்சி.

"நெட்டாண்ட வந்து அடிக்கிறா பாரு, அவதான் பிளேயரு. பின்னாடியே நின்னுகினு அடிக்கிறதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்பார் மாமா.

"அண்ணாத்தே, அந்தப் பொண்ணு ஒண்ணு உட்டான்னா, உங்காளு நெட்டாண்ட வர்றதுக்குள்ள பந்து பூந்தமல்லி தாண்டிடும்" என்பார் பாய்.

உடனே மாமா அப்பா பக்கம் திரும்பி, "நீ இன்னாபா சொல்ற?" என்பார். "சார் சொன்னா சரிதான்" என்பார் அப்பா. கூடமே சிரிக்கும். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

நான் மாட்டிக்கொண்டது ஒரு பாழாய்ப்போன காலிறுதியில். தடுமாறிக்கொண்டிருந்த இடக்கைக்காரி, நான் இடமில்லாமல் பீரோவுக்கும் டி.வி. ஸ்டாண்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் போய் உட்கார்ந்ததும் ஜெயித்துத் தொலைத்தாள். "ராசிக்காரிப்பா இவ! எயுந்துக்காத பாப்பா!" என்று மாமா கத்தினார். அதோடு அந்த இடுக்கு எனக்கு எழுதி வைத்ததாகிவிட்டது. பாதித் திரைதான் தெரியும். கால் மாற்றக்கூடாது, தண்ணீர் குடிக்க எழக்கூடாது. "அவங்க வீட்ல வாயத் தெறக்காதடி, அப்பா பேப்பர் அவர்கிட்டதான் கெடக்கு" என்று அம்மா வேறு சொல்லி அனுப்புவாள். கொடுமை என்னவென்றால், எனக்குப் பிடித்தவள் ஜெர்மன்காரி. அவள் ஓடிவந்து வலது கையால் விளாசும்போதெல்லாம் நெஞ்சு குதிக்கும். நான் இழவு வீட்டில் இருப்பவள்போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

இறுதி ஆட்டத்தில் அவர்கள் இருவருமே மோதினார்கள். முதல் செட் இடக்கைக்காரிக்கு. மாமா என் தலையைத் தடவினார். பிறகு ஜெர்மன்காரி அடித்த அடியில் எல்லாம் தலைகீழானது. நடுவில் அங்கே மழை வந்து ஆட்டம் நிற்க, எல்லோரும் காபிக்கு எழுந்தார்கள், என்னை மட்டும் மாமா எழவிடவில்லை. எனக்கோ ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

மழை விட்டது, இடக்கைக்காரி தோற்றாள். மாமா என்னை முறைத்தார். "அசஞ்ச இல்ல நீ?"

"அசையல மாமா. ஆனா எனக்கு அந்த ஜெர்மன் அக்காவத்தான் பிடிக்கும். அவங்கதான் பெரிய ஆட்டக்காரி" என்று சொல்லிவிட்டேன்.

"அடி சக்கை!" என்று பாய் கைதட்டினார். அதற்குள் அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. "இன்னாபா, கொயந்தயப் போயி..." என்று மாமாவே பதறினார்.

எழுந்து ஓடப் பார்த்தேன். மரத்த கால் மடங்கிச் சுருண்டு விழுந்தேன். அப்பா பதினோரு வயதுக் கழுதையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க எங்கள் மாடிவரை ஏறினார். அடுத்த வாரமே காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. மாமா எதையும் மனதில் வைத்திருக்கவில்லை. இதற்கா அப்பா அடித்தார் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, பல வருடங்கள் அது அடங்கவில்லை.

இப்போது அந்த பிளாக்கை இடித்துவிட்டார்கள். ஒரு பெட்டியைச் சுற்றி ஊரே உட்காருவதும் போயிற்று, ஆளுக்கொரு போன். முகப்பேர் வீட்டில் நானும் மகனும், யார் பெரிய ஆட்டக்காரர் என்று தொண்டை வறளச் சண்டை போடுகிறோம். யாருக்கும் பயந்து பேச வேண்டியதில்லை. போன மாதம் அப்படியொரு சண்டைக்கு நடுவில், "தாத்தா யார் கட்சிம்மா?" என்று கேட்டான். அப்பா போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. ஒவ்வோர் ஆட்டத்தையும் கடைசிப் பந்துவரை கண் கொட்டாமல் பார்த்த மனிதருக்கு யாரைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியாது. அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.