ஒட்டாத சேலை

திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஊருக்குள் ஒரு பெயர் இருந்தது: பிளேன் ஆபீஸ். பிளேன் ஒன்றும் அங்கே நிற்கவில்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை மேசையில் பரப்பி, எங்கே பாறை, எங்கே மண், எங்கே கிணறு வெட்டினால் தண்ணீர் கிடைக்கும் என்று வரைபடத்தில் குறிப்பதுதான் எங்கள் வேலை. எண்பதுகளின் நடுப்பகுதி. மழை சரியாகப் பெய்யாத வருஷங்கள். நத்தம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், பூமிக்குள் ஓடும் தண்ணீரை நாங்கள் கண்ணாலேயே பார்க்கிறோம் என்று நம்பினார்கள். ஒருவர், பக்கத்துத் தோட்டக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டதைப் படத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லி மாம்பழக் கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பழத்தைத் தின்றோம், வரப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என் அக்காவும் ஒரு நாள் அங்கே வந்தாள். வேடசந்தூர் போகிற வழியில், ஆற்றை ஒட்டிய ஒரு நெசவுக் குடியிருப்பில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற குடும்பம். மாமா சேலை மூட்டையோடு பழனிக்குப் போனால் திரும்ப நாளாகும். வீட்டில் தனியாக இருந்து அலுத்துப்போனால் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்துவிடுவாள். வந்தவளுக்கு வேடிக்கை காட்டலாம் என்று அவள் ஊர்ப் படங்களை எடுத்து ஸ்டீரியோஸ்கோப்புக்குக் கீழே வைத்தேன். கால் வைத்த இரட்டைக் கண்ணாடி அது. பிளேன் போகிற போக்கில் ஒரே இடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு தடவை படம் எடுக்கும். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு இன்னொன்று. இரண்டும் ஒட்டிக்கொண்டதும் வீடுகள் எழுந்து நிற்கும், கிணறுகள் உள்ளே இறங்கும்.

“ஆத்தாடி! எங்க வீட்டுக் கெணறு இம்புட்டு ஆழமா?” என்றாள். பிறகு, “ரோட்டுல போற பஸ்ஸு மட்டும் ரெண்டாத் தெரியுதே, ஏண்டி?”

“அது ஓடிக்கிட்டிருக்குக்கா. அசையாம இருக்கிறது ஒட்டிக்கிரும். அசையிறது ஒட்டாது.”

“நான் எங்கடி இருக்கேன் இதுல?”

“ஆளெல்லாம் தெரியாதுக்கா. அம்புட்டு உசரத்துல இருந்து எடுத்தது.”

“அடுத்த தடவ பிளேன் வந்தா மச்சுல ஏறிச் சேலைய எடுத்து ஆட்டுறேன். அப்பத் தெரியுமில்ல?”

அலுவலகமே சிரித்தது. எங்கள் மேலதிகாரிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவரும் சின்னாளபட்டிப் பக்கத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. “ஆட்டும்மா, நான் பாத்துச் சொல்றேன்” என்றார்.

மழைக்கு ஏங்கிக் கிடந்த ஊருக்கு ஒரு ஐப்பசியில் மழை மொத்தமாக வந்தது. மேற்கே ஒரு பெரிய கண்மாய் விடியற்காலையில் உடைந்து, ஆறு கரையை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. ரோடு இல்லை, போன் இல்லை. மாமா பழனியில் மாட்டிக்கொண்டார். அக்கா ஊரிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அடுத்த நாள் காலை வானம் வெளுத்ததும் ஒரு பிளேன் வெள்ளத்தின் மேல் பறந்து படம் எடுத்துப் போனது. மதுரையில் கழுவிய படங்கள் சாயங்காலமே ஜீப்பில் எங்களிடம் வந்துவிட்டன. அவசரத்தில் ஒன்று விட்டு ஒன்றுதான் பிரதி போட்டிருந்தார்கள். ஜோடி இல்லாததால் ஸ்டீரியோஸ்கோப்பில் வைக்க முடியாது. லென்ஸை வைத்து ஒற்றைப் படமாகத்தான் பார்த்தாக வேண்டும். விடிந்ததும் படகுகள் முதலில் எந்த ஊருக்குப் போவது என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். இருந்த படகுகளோ கொஞ்சம்.

அக்கா ஊர்ப் படத்தை மேலதிகாரியின் முன்னால் நானேதான் எடுத்து வைத்தேன். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். பிறகு முகம் மலர நிமிர்ந்தார்.

“பயப்படாதம்மா. சேலை காயுது பாரு, கூரை மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா. எங்க வீட்டுலயும் இப்படித்தான். மழை விட்டுச்சுன்னா எங்கம்மா அடுப்பைக்கூடப் பாக்க மாட்டாங்க, சாயம் எறங்கிரும்னு நனைஞ்ச சேலையத்தான் மொதல்ல விரிப்பாங்க. சேலை விரிச்சிருக்காங்கன்னா தண்ணி வடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.”

வீடுகளுக்கு நடுவே வெளிறிய நிறத்தில் தரைதான் தெரிந்தது. செம்மண் கலங்கி ஓடும் வெள்ளமும் கறுப்பு வெள்ளைப் படத்தில் வெறுந்தரை மாதிரியே விழும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சேலைகளைப் பார்த்த பிறகு யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. நெசவு ஊரை அறியாத வெளியூர்க்காரன் ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், இவ்வளவு துணி எதற்கு மேலே கிடக்கிறது என்றாவது கேட்டிருப்பான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

காலையில் படகுகள் வேறு ஊர்களுக்குப் போயின. போன இடத்தில் மரத்திலும் கோயில் மேலேயும் உட்கார்ந்திருந்தவர்களை இறக்கினார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். அதற்கு நான் வருத்தப்பட முடியுமா? அன்று மத்தியானம் அக்கா ஏறியிருந்த பக்கத்து வீட்டு மச்சின் மண்சுவர் ஊறிக் கரைந்து, தளத்தோடு உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு கருவேலங்காட்டில் அவளை எடுத்தோம். மாமா பழனியிலிருந்து வந்து சேர்ந்தபோது கொள்ளி வைக்க மட்டும்தான் நேரம் இருந்தது.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். விட்டுப்போன படங்களும் அதற்குள் வந்திருந்தன. மணல் மூடிய வயல்களைக் குறிக்கும் வேலை. அக்கா ஊரை வேறு யாராவது பார்க்கட்டும் என்றார் மேலதிகாரி. நான் கேட்கவில்லை. இரண்டு படங்களையும் ஜோடி சேர்த்து வைத்துக் கண்ணாடிக்குள் குனிந்தேன்.

வீடுகள் எழுந்தன. ஆனால் குட்டையாக எழுந்தன. பாதிச் சுவர் வரைக்கும் தண்ணீர் நின்றது. தரை என்று நாங்கள் நினைத்தது தரையே இல்லை. கூரைகளில் கிடந்த சேலைகள் அந்தந்த இடத்தில் படிந்து ஒட்டின. அவை காயப்போட்டவையா, காட்டுவதற்குப் போட்டவையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா வீட்டு வேம்புக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மச்சில் ஒரு சேலை மட்டும் ஒட்டவே இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். படத்தை நகர்த்தி வைத்துப் பார்த்தேன். அது இரண்டாகவே நின்றது.

“சார், இங்க வாங்க” என்று கத்தினேன். அப்படி ஒரு குரலில் அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் வந்து குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“ஆட்டுதும்மா” என்றார். “புள்ள ஆட்டுது.”

அந்த மேசையிலேயே தலையைச் சாய்த்து அழுதார். நான் தேற்றவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. கெட்டவர் என்றால் திட்டித் தீர்த்துவிட்டு ஆறிப்போயிருப்பேன். அவர் நல்லவர், தாயிடம் பார்த்துப் பழகியதை வைத்துத்தான் சொன்னார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை ஜோடி இல்லாத படத்தை அவர் கையாலும் தொடவில்லை.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் எங்கள் மேசைக்குச் செயற்கைக்கோள் படங்கள் வந்தன. பயிர் சிவப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் இருக்கும், ஒரு ஊரே நகக்கண் அளவுக்குத்தான் தெரியும். இதில் ஒன்றுமே புலப்படவில்லையே என்று மற்றவர்கள் குறைப்பட்டார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பழைய படங்களையெல்லாம் கட்டி உள்ளே வைக்கச் சொன்னார்கள். கட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டை மட்டும் கடைசியாக ஒரு தடவை கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்.

ஹெலிகாப்டர் வரும், சோற்றுப் பொட்டலம் போடும் என்று அவள் ஆட்டியிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் படம் எந்த மேசைக்கு வந்து சேரும் என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

இடது கண்ணை மூடினேன். சேலை வலப்பக்கம் போனது. வலது கண்ணை மூடினேன். இடப்பக்கம் வந்தது. மாற்றி மாற்றி மூடித் திறந்தேன். அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“தெரியுதுக்கா” என்றேன்.