யாரும் கேட்காத தாள்

பதிவு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் விதிகளைச் சரிபார்க்கும் அதிகாரி. அவர் பக்கத்தில் பெயர் எழுதும் கிளார்க். இந்தப் பக்கம் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி அறிவியல் டீச்சர். அட்டைப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஏழாம் வகுப்புப் படித்த என் மகள். அவளுக்குப் பின்னால் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் மாணவர் அறிவியல் கண்காட்சிப் போட்டி. பசுவந்தனைப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் போயிருந்தோம்.

நான் ஆடு மேய்க்கிறவன். கொஞ்சம் கரிசல் காடு உண்டு, மிளகாய் போடுவோம். அப்போது இரண்டு வருஷமாக மழை இல்லை. வீட்டுக்காரி தீப்பெட்டி ஆலைக்குப் போனாள். மருந்தில் முக்கி எடுத்த குச்சிகளைக் காயப்போடும் அறையில் ஒரு நாள் சூடு மிஞ்சித் தீப்பிடித்து அவளுக்கு இடது கை வெந்தது. அதற்குப் பிறகுதான் மகள் அந்தப் பெட்டியைச் செய்தாள். பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து எடுத்த தகடு, ஒரு பேட்டரி, ஒரு மணி. அறையில் சூடு ஏறினால் தகடு வளைந்து ஆணியைத் தொடும், மணி அடிக்கும். வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அடித்தது.

ஏழாம் வகுப்பு முடிந்ததும் அவளை முழு நேரமும் ஆலைக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவு செய்திருந்தோம். சனி, ஞாயிறு ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தாள். டீச்சர் வந்து பேசினார். இந்தப் போட்டியில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம், விடுதியில் தங்கிப் படிக்க இடம் வாங்கித் தருகிறேன் என்றார். ஜெயித்தால் படிக்கட்டும் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

டீச்சர் தலைமை ஆசிரியரின் கடிதத்தைக் கொடுத்தார். அதில் வயது பன்னிரண்டு என்று இருந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு பிரிவு, வயது பதினான்குக்குள் இருக்க வேண்டும். ஒன்பதுக்கு மேலே இன்னொரு பிரிவு. அதிகாரி கடிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கிளார்க் பெயரை எழுதிவிட்டார். அத்தோடு உள்ளே போயிருக்கலாம்.

நான் கையை நீட்டி இன்னொரு தாளை மேசையில் வைத்தேன்.

"வயசுச் சீட்டு சார். சீல் எல்லாம் இருக்கு, பாருங்க."

வயதுக்குச் சான்று கேட்பார்கள் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். பிள்ளை வீட்டில் பிறந்தவள், எங்கும் பதியவில்லை. வீட்டில் வயது எழுதிய தாள் என்று இருந்தது இது ஒன்றுதான். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று ஆலைக்குச் சோதனை வருகிறது என்று ஒரு நாள் ஆலை வேனில் பிள்ளைகளை ஏற்றிப்போய், ஒரு டாக்டர் முன்னால் வரிசையாக நிறுத்தி வாங்கியது. இங்கிலீஷில் இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆலையில் இதைக் காட்டினால் யாரும் பிள்ளையைத் தடுப்பதில்லை. இங்கேயும் தடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அதிகாரி வாசித்துவிட்டுச் சிரித்தார். "சீல் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வயசுதான் இடிக்குது. ஹெட்மாஸ்டர் பன்னெண்டுங்காரு, டாக்டர் பதினஞ்சுங்காரு. தாயி, நீ என்னைக்குத்தான் பொறந்தே?"

"ரெண்டு தடவ பொறந்திருப்பா சார்" என்றார் கிளார்க். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

அதிகாரி அடியில் இருந்ததையும் வாசித்தார். தீப்பெட்டி ஆலை வேலைக்குத் தகுதி என்று எழுதியிருந்ததாம். அவர் சிரிப்பு நின்றது.

"சார், அந்தத் தாள விட்ருங்க. ஸ்கூல் ரெக்கார்டுதான் சரி, நான் பொறுப்பு" என்றார் டீச்சர்.

"கண்ணுல பட்டுருச்சே டீச்சர். இது பொய்யின்னு இவிய ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பிள்ளைய உள்ள விடுதேன்."

"எழுதினா என்ன ஆகும் சார்?" என்று கேட்டேன்.

"ஆலைக்கு ஆள் போகும். டாக்டர்கிட்ட கேப்பாங்க. நான் மறைக்க முடியாது."

எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இதே தாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப்போகும் ஆலை வேன் வராமல் நின்றால் ஊரே என் வாசலில் வந்து நிற்கும். வீட்டுக்காரியின் வேலையும் போகும்.

"பதினஞ்சுதான் சார்" என்றேன்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லுதீங்க நீங்க?"

அதிகாரி மகளிடம் கேட்டார். "நீ சொல்லு தாயி. பயப்படாத. உனக்கு என்ன வயசு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தே சொன்னாள்.

"அப்பா சொல்லுததுதான் சார்."

"அப்போ ஏழாங்கிளாஸ், பதினஞ்சு வயசு. சின்னப் பிரிவுல வயசு சேராது. பெரிய பிரிவுல கிளாஸ் சேராது" என்றார் அதிகாரி. அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்று குரலில் தெரிந்தது. தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கிளார்க் அடிக்கோலை வைத்து அவள் பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை.

பஸ்ஸில் டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் என் பக்கத்தில் ஜன்னலோரம். பாதித் தூரம் வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எப்பா, இனிமே வீட்டுலயும் எனக்குப் பதினஞ்சுதானா?"

"சும்மா வாட்டி" என்றேன்.

பரீட்சை முடிந்த மறுநாள் அவள் தன் அம்மாவோடு வேனில் ஏறினாள். டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். தெருவில் அவர் வருவது தெரிந்ததும் இரண்டு தடவையும் நான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டேன்.

மகள் இதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மழை இல்லை, வேறு வழி இல்லை என்று மற்றவர்கள் எனக்காகச் சொல்கிறார்கள். யாரும் கேட்காத தாளை நீட்டியது நான். கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னதும் நான். அதை மழையின் தலையில் போட மனசு வரவில்லை.

அவள் அந்த ஆலையில் குச்சி அடுக்கியது பதினொரு வருஷம்.