ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது

போன மாதம் ஆம்பூர் பஜாரில் ஒரு ஷூ கடை வாசலில், புர்கா போட்ட ஒரு பெண் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். கல்லூரி வயது இருக்கும். ஸ்டாண்டில் போனை மாட்டிவைத்து, புது ஷூ ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டிப் படபடவென்று பேசினாள். வெயில் போனில் விழாமல் அவளுடைய அப்பா குடை பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் வெளியே வந்தார். சரி, ஆரம்பிக்கப் போகிறது என்று நினைத்தேன். "கொஞ்சம் தள்ளி நின்னு எடும்மா, கஸ்டமர் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் எதிர்ப்பு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடை பிடித்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நடுத்தெருவில் நின்று அவருக்கு எப்படி விளக்குவது? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கடைக்குள்ளிருந்து வந்தது புதுத் தோலின் வாசனை, பாலிஷ் போட்ட கனவான் வாசனை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதன் பூர்வாசிரமம் தெரியும். சுண்ணாம்பில் ஊறிய பச்சைத் தோல் நாற்றம் அது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் பாலாற்றுப் பாலம் தாண்டியதும், வீடு வந்துவிட்டது என்று செருப்பைத் தேடுவோம். பல வருடங்களுக்கு முன்னால் நாங்கள் ஒரு படம் எடுத்த இடமும் அந்த நாற்றம் சுவரோடு ஊறிப்போன ஒரு பழைய தோல் டேனரிதான். முதலாளி சென்னையில் குடியேறிவிட்டதால் பூட்டிக் கிடந்தது.

அப்போது நான் சென்னையில் ஒரு சினிமா கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அசிஸ்டெண்ட். எல்லோருக்கும் "ஆகும் சார், ஆகும் மேடம்" என்று சொல்லிவிட்டு, எப்படி ஆகும் என்று தனியாக உட்கார்ந்து யோசிப்பதுதான் அந்த வேலை. அம்மி, அதாவது என் அம்மா, சொந்தக்காரர்களிடம் நான் கம்ப்யூட்டரில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள். ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்தது உண்மை. என்னை அதன் பக்கத்தில்கூட விடமாட்டார்கள்.

வசந்தி எனக்குத் தோழி. ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர் மகள். அவள் இயக்கப்போகும் முதல் படத்துக்கு என்னையே மேனேஜராகப் போட்டாள். யார் காலுக்குப் போகப்போகிறது என்று தெரியாமல் நாள் முழுக்க ஷூ தைக்கிற ஒரு பெண்ணின் கதை. அதற்கு நடிகை வேண்டாம், தைக்கிற பெண்ணே வேண்டும் என்று பிடிவாதம். ஒரு ஷூ கம்பெனி வாசலில், ஷிப்ட் விட்டு வந்த கூட்டத்தில் ரஹ்மத்தைப் பார்த்தோம். யாரோ சொன்ன எதற்கோ ஓங்கிச் சிரித்துக்கொண்டு வந்தாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "நடிக்கிறேன்" என்றாள்.

"வீட்ல கேக்க வேணாமா?"

"நீங்க கேளுங்க ஆபா. வேணாம்னுதான் சொல்லுவாங்க. அதை வாங்கி ஆகும்னு மாத்துறதுதானே உங்க வேலை?"

பார்த்த உடனே அவளுக்கு நான் ஆபா, அதாவது அக்கா, ஆகிவிட்டேன். யார் அவளுக்கு என் வேலையைப் பற்றிச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் அன்வர் மெக்கானிக் ஷாப் வைத்திருந்தான். நல்ல பையன்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல ஆபா. மொஹல்லாவுல கேப்பாங்க. முத்தவல்லி சரின்னா சரி" என்று என்னைத் தள்ளிவிட்டான். மொஹல்லா என்றால் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள எங்கள் தெருக்கள். முத்தவல்லி என்றால் பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில். எனக்குத் தூரத்து உறவு, சாச்சா முறை, அதாவது சித்தப்பா. போனேன். கூடத்தில் அவரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உள்ளறையில் ஒரு நாற்காலி. நடுவில் பச்சைத் திரைச்சீலை. என் தொழில் வாழ்க்கையில் நான் முதன்முதலில் பார்த்த திரை அதுதான். எத்தனையோ பெரிய நடிகர்களிடம் கால்ஷீட் பேசியிருக்கிறேன். ஒரு துணியிடம் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

துணி நிபந்தனைகள் சொன்னது. பெண்கள் நடிக்கிற இடத்தில் ஆம்பளை ஒருத்தன்கூட இருக்கக் கூடாது. பொழுது சாயும் நேரத்து மக்ரிப் தொழுகைக்கு முன்னால் பெண் வீடு திரும்பிவிட வேண்டும். ஆட்டம் கூடாது. ரஹ்மத்தின் முகம் படத்தில் தெரியக் கூடாது.

வசந்தி கேட்டதும் கொதித்துப்போனாள். "ஆம்பளை இல்லாம லைட்டை யாருடி தூக்குவா? மூஞ்சி இல்லாம இன்னா படம்?" எனக்கு அவளைவிடக் கோபம். ஆனால் அது வேறு மாதிரி வந்தது. இவர்கள் முடியாது என்று சொல்லவில்லை. நாங்களே முடியாது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது எனக்குத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோதே புரிந்துவிட்டது. "ஆகும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து வந்திருந்தேன்.

பிறகுதான் எப்படி ஆகும் என்று யோசித்தேன்.

கேமராவுக்கு ஸ்டெல்லா கிடைத்தாள். கல்யாண வீடியோ எடுத்து அலுத்துப்போயிருந்தவள். ஒலிக்கு, அப்போதுதான் படிப்பை முடித்த ஒரு பெண் சென்னையிலிருந்து வந்தாள். லைட் தூக்கத்தான் ஆள் இல்லை. ரஹ்மத்தோடு வேலை செய்த செல்வி, "நாங்க தூக்காத வெயிட்டா? காட்டுங்க பாக்கலாம்" என்று காலனியிலிருந்து நாலைந்து பெண்களைக் கூட்டிவந்தாள். லைட்மேன் ஆறுமுகம் அண்ணனை டேனரி மதிலுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்தோம். அங்கிருந்தே கத்துவார்: "செல்வி, ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை வச்சியாம்மா?" உள்ளேயிருந்து பதில் வரும்: "வச்சாச்சுண்ணா!" "வயர் மேல தண்ணி இல்லையே?" "உங்க ஜெனரேட்டரைப் பாருங்கண்ணா!" ஜெனரேட்டரும் வெளியேதான். அதை நிறுத்தச் சொல்ல, மதில் மேல் கயிறு போட்டு ஒரு மாட்டு மணியைக் கட்டியிருந்தேன். ஒரு முறை ஆட்டினால் போடு, இரண்டு முறை ஆட்டினால் நிறுத்து. இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. ஆடு மேய்க்க வந்த கிழவர் ஒருவர், இங்கே புதுசாகக் கோயில் கட்டுகிறார்களா என்று ஆறுமுகம் அண்ணனைக் கேட்டாராம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பிரியாணி டேக்சாவை இரண்டு ஆம்பளைகள் கதவுவரை தூக்கிவந்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். உள்ளே இழுப்பது எங்கள் பொறுப்பு. பாங்கு சொல்லும்போதெல்லாம் ஷாட்டை நிறுத்தினோம். அதை யாரும் நிபந்தனையாகச் சொல்லவில்லை, நாங்களாகச் செய்தோம்.

சில நாள் ஒழுங்காகப் போனது. அப்புறம் மொஹல்லாவில் ஒரு பேச்சு கிளம்பியது. ரஹ்மத் உள்ளே ஆடுகிறாள், சென்னையிலிருந்து ஆம்பளைகள் வந்திருக்கிறார்கள். ரஹ்மத்துக்கு அப்போது வாணியம்பாடியில் மாப்பிள்ளை பேசிவைத்திருந்தார்கள். பேச்சு அதுவரைக்கும் போய்விட்டது. ஒரு மதியம் முத்தவல்லி சாச்சா, அன்வர், பின்னால் இரண்டு பெரியவர்கள், அவர்களுக்கும் பின்னால் சாச்சாவின் மனைவி ஜுபைதாம்மா, எல்லோரும் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"ஷூட்டிங்கை நிறுத்து. நாங்க உள்ள வந்து பாக்கணும்" என்றார் சாச்சா.

கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். "முடியாது சாச்சா" என்றேன்.

"இன்னா சொன்ன?"

"உள்ள பொம்பளைங்க முக்காடு இல்லாம இருக்காங்க. ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது. நீங்க போட்ட கண்டிஷன். நான் ஒத்துக்கிட்டேன். நீங்களே மீறினா நாளைக்கு யாரு மதிப்பாங்க?"

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் இருமினார். இருமலா, சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. அன்வர் முன்னே வந்து, "ரஹ்மத்தை வெளிய அனுப்புங்க ஆபா, பேஜார் பண்ணாதீங்க" என்றான்.

"ஷாட் முடிஞ்சதும் அவளே வருவா. சந்தேகம்னா ஒரு பொம்பளையை அனுப்பிப் பாருங்க."

சாச்சா திரும்பி மனைவியைப் பார்த்தார். ஜுபைதாம்மா என்னைத் தாண்டி உள்ளே போனார். கதவைச் சாத்தினேன். வெளியே நல்ல வெயில். ஆறுமுகம் அண்ணன் அவர்களுக்குப் புளியமரத்தடியில் இடம் கொடுத்து, டீ சொல்லியிருக்கிறார்.

ஜுபைதாம்மா சீக்கிரம் வரவில்லை. உள்ளே ரஹ்மத் தைத்துக்கொண்டே பாடுகிற காட்சி. கல்யாண வீட்டில் பெண்கள் பாடுகிற சாதாரணப் பாட்டுதான். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் டேக்கில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். அடுத்ததில் செல்வி லைட்டை நகர்த்துவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதற்கடுத்ததில் அவர் உதடும் பாட்டோடு அசைந்தது. முடிந்ததும் எழுந்து புர்காவைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். நானும் கூடவே போனேன்.

"உள்ள இன்னா நடக்குது?" என்றார் சாச்சா.

"வேலை நடக்குது. ஒரு ஆம்பளை இல்லாம இத்தனை பொம்பளைங்க சண்டை போடாம வேலை செய்றாங்க. நம்ம வீட்டுக் கல்யாணத்துலகூட இப்படி நடந்ததில்ல" என்றார் ஜுபைதாம்மா.

"பாடுறாளா?"

"பாடுறா. கேக்கக் கூடாதுன்னா நீங்க தள்ளி நில்லுங்க. நாளைக்கும் நான் வர்றேன். யாராச்சும் பாத்துக்கணும் இல்ல?"

ஜுபைதாம்மா தினமும் வந்தார். கண்காணிக்கத்தான். கடைசி வாரத்தில் மணிக் கயிறு அவர் கையில் இருந்தது. வேறு யாரும் தொட்டால் திட்டு விழும்.

முகத்தின் கதை வேறு. நிபந்தனைப்படி ரஹ்மத்தின் கையை, முதுகை, கழுத்தோரத்தைத்தான் எடுத்தோம். கடைசி ஷாட்டில் அவள் தைத்த ஷூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். வைத்தாள். எழுந்தாள். போகவில்லை. திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அழவில்லை, சும்மா பார்த்தாள். ஸ்டெல்லா கேமராவை நிறுத்தவில்லை. ஜுபைதாம்மா கயிற்றைப் பிடித்தபடி நின்றார், ஆட்டவில்லை.

வசந்தி கேமராவை மூடிவிட்டு ரஹ்மத்திடம் சொன்னாள்: "இது வேணாம்னா நான் வெட்டிடுவேன். சத்தியமா."

"எத்தனை பேரோட காலுக்குத் தைச்சிருக்கேன். ஒருத்தனாச்சும் என் மூஞ்சியைப் பாக்கட்டும். வச்சிக்கங்க."

"கல்யாணம்?"

"நானே சொல்லிடுறேன் அவங்களுக்கு."

சொன்னாள். வாணியம்பாடிக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். அன்வர் தங்கையோடு ரொம்ப நாள் பேசவில்லை. ஒரே வீட்டில், சாப்பாடு வேண்டும் என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் சொல்வான். ரஹ்மத் அழுதாளா என்று கேட்காதீர்கள், அழுதாள். ஆனால் ஒரு நாளும் அந்த ஷாட்டை வெட்டிவிடுங்கள் என்று எனக்குப் போன் செய்யவில்லை. நான் போன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

படத்தை ஊரில் காட்ட யாரும் இடம் தரவில்லை. டாக்கீஸ்காரர் "வேணாம்மா, பேஜாராயிடும்" என்றார். அதே டேனரி முற்றத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சாக்குகளைக் கட்டி இருட்டாக்கிப் பெண்களுக்கு மட்டும் போட்டோம். முற்றம் நிறைந்து வழிந்தது. ஆம்பளைகள் மதிலுக்கு வெளியே நின்று பாட்டை மட்டும் கேட்டார்களாம். கடைசியில் அவள் முகம் வந்ததும் ரஹ்மத்தின் அம்மா எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "எம் பொண்ணுதான்" என்றார், ஏதோ மற்றவர்களுக்குத் தெரியாது போல.

படம் பின்னால் வெளியூர்களிலும் ஓடியது. ஆம்பளைகளும் பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. அன்வர் சென்னையில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நீ ஏன் அவ்ளோ மெலிஞ்சிருந்த?" என்று தங்கையைக் கேட்டானாம். அதுதான் முதல் பேச்சு. ரஹ்மத் பிறகு தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே வேலை செய்கிற பெண்கள், அக்கா ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்கிறார்கள்.

டேனரி இப்போது இல்லை. மதிலை இடித்து பிளாட் போட்டுவிட்டார்கள். டாக்கீஸ் கல்யாண மண்டபமாகிவிட்டது. ஜுபைதாம்மா போய்விட்டார். சாச்சா வீட்டைப் பேரன்கள் இடித்துக் கட்டியபோது அந்தப் பச்சைத் திரைச்சீலையும் எங்கேயோ போயிருக்கும். அப்புறம் இன்னொன்றும் காணாமல் போய்விட்டது. யார் வீட்டு உள்ளறையிலோ நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பதிலை மனப்பாடம் செய்துகொண்டு காத்திருப்பாளே ஒரு பெண், அந்தப் பழைய நான்.

சமீபத்தில் திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு. வேறு தெரு, வேறு சாமி, வெள்ளைச் சட்டையில் நாலு பேர். கேள்வி மட்டும் அதேதான். "யாரைக் கேட்டு இங்க எடுக்குறீங்க? பொம்பளைங்க எல்லாம் இந்தத் தெருவுல நின்னு..."

"நீங்க பேசுறது சவுண்டுல விழுது" என்றேன். "அங்க போய் நில்லுங்க. ஷாட் முடியட்டும், அப்புறம் பேசலாம்."

நின்றார்கள்.