ஒட்டாத தபால்தலை

செவ்வாய்க்கிழமை காலை தபாலாபீசில் ஒரு தபால்தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன்.

தபால்தலையை நாக்கில் வைத்தேன். எடுத்துக் கவரில் வைத்து அழுத்தினேன். கையை எடுத்ததும் அது கீழே விழுந்தது. மறுபடி நாக்கு, மறுபடி கவர், மறுபடி தரை. தபால்தலை நனைக்க ஜன்னலோரம் கிண்ணத்தில் வைத்திருக்கிற பஞ்சு, இந்த வெயிலில் என் நாக்கைப் போலவே காய்ந்து கிடந்தது. எப்போதும் கையோடு கொண்டுபோகிற தண்ணீர்ப் பாட்டிலை அன்றைக்கென்று பார்த்து வீட்டில் மறந்துவிட்டேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரர் ஒரு தடவை செருமினார். கூட வந்திருந்த என் மகள் செசில் பொறுக்கமாட்டாமல் தபால்தலையைப் பிடுங்கினாள். ஒரே நக்கு. கோணலாக ஒட்டிவிட்டாள். எட்டு வயது, வாய் நிறைய எச்சில்... எனக்குப் பொறாமையாக இருந்தது.

கவர் யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊர் வம்பு பேசுகிற நான், என் வாயைப் பற்றி இதுவரை வாயைத் திறந்ததில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் நாலு மாதம் இந்தப் பக்கம் வராமல் இருந்ததே, நினைவிருக்கிறதா? ஆசிரியர் 'உடல் நலமில்லை' என்று இரண்டு வரி போட்டிருந்தார். இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்று. வெற்றிலை புகையிலையை அடக்கி வைக்கிற அதே இடம். மதராஸில் ரேடியம் வைக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் அந்தப் பக்கத்துப் பற்களைப் பிடுங்கினார்கள். அப்புறம் கன்னத்துக்குள் ஊசிகள். அப்புறம் மெழுகில் ஒரு பட்டை செய்து, அதில் ரேடியத்தைப் பொருத்தி, தாடையோடும் கழுத்தோடும் சேர்த்துக் கட்டினார்கள். புண் ஆறியது. உயிரோடு ஊர் திரும்பினேன்.

கதை இங்கே முடிந்துவிட வேண்டும் அல்லவா? ஊரும் அப்படித்தான் நினைத்தது. பார்க்கிறவர்கள் எல்லாம், பிழைத்து வந்துவிட்டீர்களே, அது போதாதா என்றார்கள். போதும் என்றுதான் நானும் சொன்னேன்.

ஆனால் எச்சில் திரும்பி வரவில்லை.

ஒரு மனிதனுக்கு எச்சில் இல்லாவிட்டால் என்ன என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். சோறு தொண்டையில் இறங்க ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். ருசி என்பது போயே போய்விட்டது. என் மனைவி லூர்து வைக்கிற மீன் குழம்பு எனக்கு ஈரக் காகிதம். மிளகாய் மட்டும் நெருப்பு. நன்றாக இருக்கிறது என்று தினமும் பொய் சொல்கிறேன். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. அதற்காகத் திருகு வெட்டிய மரக்கட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். காலையும் மாலையும் கடைவாயில் வைத்துத் திருகிக் கண்ணீர் விட வேண்டும். இடது கன்னத்தில் மயிர் முளைப்பதில்லை. என் நாவிதர் அந்தக் கன்னத்திலும் சோப்பைப் பூசி, கத்தியைப் புரட்டி மழுங்கல் பக்கத்தால் வழித்துவிடுகிறார். அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதராஸ் போய்க் காட்ட வேண்டும். எல்லையில் இங்கிலீஷ் சுங்கக்காரன் என் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி ஒரு தடவைக்கு இரண்டு தடவை மோந்து பார்ப்பான். புதுச்சேரிக்காரன் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவான் என்றால் யார்தான் நம்புவார்கள்?

போவதற்கு முந்திய வாரம் எனக்குத் தூக்கம் இருக்காது. டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். அவர் விரல் ஓரிடத்தில் ஒரு கணம் கூடுதலாக நின்றால் என் மூச்சும் அங்கேயே நின்றுவிடும். பிறகு, "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார். குணமாகிவிட்டது என்று இதுவரை ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. கடைசியாக, வேறு தொந்தரவு ஏதாவது உண்டா என்று கேட்பார். இல்லை சார் என்பேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துவிட்டுத்தானே உள்ளே போகிறேன். பக்கத்துக் கட்டிலில் எனக்குத் துணையாகக் கிடந்த கும்பகோணத்துக்காரர் இரண்டு தடவை அந்தப் பெஞ்சில் இருந்தார். மூன்றாம் தடவை இல்லை. நான் யாரையும் விசாரிக்கவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், எனக்கு எச்சில் ஊறவில்லை என்று முறையிடுவதா? நாக்கூசியது.

இந்த வாயோடு கோவிலுக்கும் போனேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கிறிஸ்தவர்கள் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை நாங்கள் 'நன்மை' என்போம். நன்மை வாங்குகிற நாளில், நடுச்சாமம் தொட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது. அப்பத்தைப் பல்லால் கடிக்கக் கூடாது, கையால் தொடவே கூடாது. நாக்கில் கரைந்து தானாக இறங்க வேண்டும். கரைக்க எச்சில் வேண்டுமே?

சில மாதங்கள் எப்படியோ சமாளித்தேன். ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் காலைப் பூசை. நன்மையை வாங்கிக்கொண்டு, பீடத்துக்கு முன்னால் மண்டியிடுகிற கிராதியிலிருந்து எழுந்தேன். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினேன், அசையவில்லை. இடத்துக்கு வந்து மண்டியிட்டேன். அப்பம் கொஞ்சம் பெயர்ந்து தொண்டை வாசலில் போய் நின்றது. மூச்சு அடைத்தது. இருமினால் தரையில் விழுந்துவிடும்... ஆண்டவரைத் தரையில் துப்பியவன் ஆகிவிடுவேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, விரலை உள்ளே விட்டுத் தள்ளினேன். விரலால் தொட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் நன்மை வாங்கப் போகவில்லை. பூசைக்குத் தவறாமல் போவேன். எல்லாரும் கிராதிக்குப் போகும்போது மட்டும் தூணோரம் நின்றுவிடுவேன். பாஸ்கு என்கிற ஈஸ்டர் வந்தது. பாஸ்குவில் கூட நன்மை வாங்காதவன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? வேறு ஊராக இருந்தால் வைப்பாட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பார்கள். நம் ஊர் பிரெஞ்சு ஊர் அல்லவா... நான் மசோன் ஆகிவிட்டேன் என்றார்கள். திருச்சபை விலக்கி வைத்திருக்கிற அந்த ரகசிய சங்கத்தில் சில வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் சேர்ந்திருப்பதாகப் பேச்சு உண்டு. சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு மாதம் போகாதவன் தலையிலெல்லாம் அந்தப் பட்டத்தைக் கட்டிவிடுவார்கள். மதராஸுக்கு நான் அடிக்கடி போவதே கூட்டத்துக்குத்தான் என்று ஒருவர் கண்டுபிடித்தாராம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த மே மாதம் வரையில்.

செசிலுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நன்மை வாங்குகிற பிள்ளையோடு தாயும் தகப்பனும் கூடப் போய் வாங்குவது வழக்கம். ஞானோபதேச வகுப்பிலிருந்து வந்த பிள்ளை, பையைக் கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்றாள்.

"அப்பா, மசோன்னா இன்னாப்பா?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீ எங்கூட வரமாட்டியாமே. எல்லா அப்பாவும் வருவாங்க, ஒங்கப்பா மட்டும் தூணாண்ட நிப்பாருன்னு சொல்லுதுங்க."

வருவேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் அவள் உடுப்புக்கு வெள்ளைத் துணி எடுக்கப் போனேன். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிற காதர் பாய் என் பழைய சிநேகிதர். அவர் துணி அளந்து முடிப்பதற்குள் நான் மூன்று தடவை பாட்டிலைத் திறந்துவிட்டேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, என்ன சங்கதி என்று கேட்டார். கட்டியவளிடம் சொல்லாததை, சாமியாரிடம் சொல்லாததை, ஒரு துலுக்கர் கடையில் மல் துணிப் பீஸுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னேன். ஏன் அவரிடம்? முப்பது நாள் நோன்பிருக்கிறவருக்கு வறண்ட வாய் எப்படி இருக்கும் என்று தெரியும் என்று தோன்றியது.

"நோன்புல எனக்கும்தான் நாக்கு ஒட்டுது அண்ணே. ஆனா சாயங்காலம் ஆனா தண்ணி உண்டு. ஒங்களுக்கு சாயங்காலமே இல்லியே" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணீருக்கு மட்டும் பஞ்சமில்லை.

அப்புறம் அவர், நோன்பில் நோயாளிக்கு விலக்கு உண்டே, உங்கள் வேதத்தில் கிடையாதா என்று கேட்டார். கிடந்த கிடையாகக் கிடக்கிற நோயாளிக்கு உண்டு, நான்தான் இப்போது நோயாளி இல்லையே, வைத்தியம் முடிந்துவிட்டதே என்றேன்.

"நோயாளி இல்லன்னா மூணு மாசத்துக்கு ஒருவாட்டி எதுக்கு மதராஸ் போறீங்க?"

நோயாளிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. சௌக்கியமாக இருப்பவனுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பிழைத்து வந்தவன் எந்தக் கணக்கில் சேர்த்தி? அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துணிப் பொட்டலத்தோடு நேரே சாமியார் வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் பங்குச் சாமியார் என்னைவிட இரண்டு வயது சின்னவர், எதையும் சுற்றி வளைக்காதவர். முழுவதையும் கேட்டார். தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது வாங்குவதற்கு முன்பு. வாங்கிய பிறகு விழுங்குவதற்காகக் குடிப்பதில் ஒரு தப்பும் இல்லை என்றார். முழு அப்பமும் வேண்டாம், சின்னத் துண்டு போதும், பக்கத்தில் பூசைக்கு உதவுகிற கோவில்பிள்ளை தண்ணீரோடு நிற்பார் என்றார். இவ்வளவுதான்! ஐந்து மாதம் நான் தூணோரம் நின்ற விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. விரல் பட்டதைப் பற்றிக் கேட்டேன்.

"அது பாவமில்ல. அஞ்சு மாசம் வாயத் தொறக்காம இருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் அபராதம் குடுக்கணும்" என்றவர், "ஆமா, இந்த வறட்சிக்கு டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

நான் துணிப் பொட்டலத்தின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் லூர்துவிடம் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"புண்ணு திரும்பி வந்துடுச்சு, எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு இருந்தேன். நீங்க தண்ணி குடிக்கிறப்பல்லாம் பாத்துட்டே இருப்பேன்."

ஐந்து மாதம். ஒரே வீட்டில், ஒரே பாயில். நான் என் வாய்க்காகப் பயந்துகொண்டிருந்தேன். அவள் என் உயிருக்காகப் பயந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் சௌக்கியமாக இருப்பதாக நடித்துக்கொண்டிருந்தோம். வாசகர்களே, உங்களில் யாருக்காவது இந்த நடிப்பு பழக்கமாகியிருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். பிழைத்தவன் குறை சொல்லக் கூடாது என்று எவன் சட்டம் போட்டான்? நன்றியுள்ளவனுக்கும் வலிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை. வெள்ளை உடுப்பும் முக்காடும் போட்ட பிள்ளைகள் வரிசையாக வாங்கி முடித்த பிறகு, பெற்றோர் முறை வந்தது. தூணோரத்திலிருந்து நான் கிளம்பியதும் கோவில் முழுவதும் கழுத்தைத் திருப்பியது. சாமியார் நகத்தளவு துண்டை என் நாக்கில் வைத்தார். கோவில்பிள்ளை கிண்ணத்தையும் கரண்டியையும் நீட்டினார். ஒரு கரண்டித் தண்ணீர்... இறங்கிவிட்டது. நான் தலை நிமிர வெகுநேரம் ஆயிற்று.

பூசை முடிந்து வெளியே வந்ததும் செசில் என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் குனியச் சொன்னாள்.

"எனக்கும் மேல ஒட்டிக்கிச்சுப்பா. பயந்துட்டேன். அப்புறம் நீ தண்ணி குடிச்சியா, அதப் பாத்ததும் எனக்கு எச்சி ஊறிச்சு, எறங்கிடுச்சு."

நான் மசோன் இல்லை என்று ஊர் நம்பியதா? இல்லையாம். மசோன்களுக்குத் தனித் தண்ணீர் என்று பேச்சாம். பேசட்டும்.

கவருக்கு வருகிறேன். அது என் மதராஸ் டாக்டருக்கு. நாலு பக்கம். எச்சில், ருசி, தாடை, தூக்கம், பயம் — ஒன்றையும் விடவில்லை. கும்பகோணத்துக்காரர் என்ன ஆனார் என்றும் கேட்டிருக்கிறேன். முதல் வரி இது: "ஐயா, நீங்கள் கேட்டபோதெல்லாம் தொந்தரவு ஒன்றுமில்லை என்று சொன்னது பொய்."

எனக்கு எச்சில் இல்லை என்று எழுதிய கடிதம், என் மகளின் எச்சிலில் ஒட்டிக்கொண்டு மதராஸ் போயிருக்கிறது.