விடை வேண்டாத கணக்கு

கணக்கு என்றால் விடை இருக்க வேண்டும் என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது என் சித்தி எழுதிய வங்கித் தேர்வு.

அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் வீடு சோமனூர்ப் பக்கம். பின்கட்டில் விசைத்தறிகள் ஓயாமல் அடிக்கும். சித்தியும் ஓயமாட்டாள். மொட்டைமாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டேதான் படிப்பாள். உட்கார்ந்தால் மண்டையில் ஏறாதாம். புத்தகத்தோடு நான் பின்னால் ஓட வேண்டும். இந்தத் தடவையும் தேறாவிட்டால் கோபியிலிருந்து வந்த வரனை முடித்துவிடுவதாக அப்புச்சி சொல்லியிருந்தார்.

“ஒரு மில்லில் அறுபது சதவீதம் பெண்கள், மீதி ஆண்கள். மொத்தம் எத்தனை பேர்? கூற்று ஒன்று, ஆண்கள் எண்பது பேர். கூற்று இரண்டு, பெண்களில் பாதிப் பேர் வெளியூர்” என்று வாசிப்பேன்.

“ஒண்ணு போதும், ரெண்டு போதாது. அடுத்தது படி.”

“மொத்தம் எத்தனை பேருங்க சித்தி?”

“அது வேண்டாங் கண்ணு. கண்டுபிடிக்க முடியுமான்னுதான் கேக்கறாங்க. போன தடவை ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துத்தான் நேரம் பத்தாம கோட்டை உட்டுப்போட்டேன்.”

எனக்கு மண்டை குடைந்தது. நாற்பது சதவீதம் எண்பது என்றால் மொத்தம் இருநூறு என்று தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்த பிறகுதான் அன்று சோறு இறங்கியது.

கோபிக்காரர்கள் தேர்வு வரை பொறுக்கவில்லை. அதற்கு முந்தைய ஞாயிறே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாழைத்தோட்டம், ரைஸ்மில், புதுக்கார் என்று மாப்பிள்ளையின் அம்மா அடுக்கினார். “எங்க ஊட்டுக்கு வந்துட்டா வேலைக்குப் போகோணும்ங்கிற அவசியமே இல்லீங்க” என்றார். அப்புச்சி உச்சி குளிர்ந்து தலையாட்டினார்.

சித்தி காப்பியைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டாள். “ஏனுங்க, நான் தேறி வெளியூர்ல போஸ்டிங் போட்டா, போகச் சொல்லுவீங்களா?”

அவர் சிரித்தார். தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “காப்பி ஆறுது, குடி கண்ணு” என்றார் அந்த அம்மா. அவர் குடித்தார்.

அடுப்படிக்கு வந்த சித்தியை என் அம்மா பிடித்துக்கொண்டாள். “இன்னும் என்னதான்டி தெரியோணும் உனக்கு?”

“போதுங்க்கா.”

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். சர்க்கரையைத் தட்டில் கொட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். சித்தி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடி, அத்தனை பேர் முன்னாலும் கைகூப்பி, “எனக்கு வேண்டாமுங்க” என்றாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள். அப்புச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிப்பட்டறைக்குள் போனவர், பிறகு வெகுகாலம் சித்தியோடு பேசவில்லை.

அன்று மாலையும் சித்தி மாடியில் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

“அவரு ஒண்ணுமே சொல்லலீங்களே சித்தி. அப்புறம் எப்படிப் போதும்னீங்க?”

சிரிக்க ஆரம்பித்தவள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த கேள்வியைப் படி அம்மணி” என்றாள்.

படித்தேன், ஆனால் மனம் அதில் இல்லை. கூற்றே இல்லாத கணக்குக்குப் போதும் என்கிறாளே, இந்தத் தடவையும் சித்தி தேறப்போவதில்லை என்று எனக்குப் பயமாக இருந்தது.