நெற்றி விளக்கோடு ஆலங்காயம் காட்டில்

சென்ற மார்கழியில் ஆலங்காயம் மலையடிக்குப் போக வேண்டியதாயிற்று. ஆம்பூரில் நான் கணக்கு எழுதும் தோல் கிடங்குக்கு, தோல் பதனிட வேண்டிய ஆவாரம்பட்டை வந்து சேரவில்லை. விசாரித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். வாணியம்பாடியிலிருந்து பத்து மைல், ஜட்கா வண்டிக்குப் பன்னிரண்டு அணா. பகல் இரண்டுக்குக் கிளம்பி நாலரைக்குச் சேர்ந்தேன்.

பட்டை வியாபாரி கபூர் பாய் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். "வண்டிக்கார முனுசாமி பட்டை ஏத்தக் காலையில காட்டுக்குப் போனான் சார். காளைங்க வெறும் வண்டியோட வந்துடுச்சு. தேடப் போனவங்களும் ஆளக் காணோம்னு திரும்பிட்டாங்க."

பட்டணத்தில் வாங்கிய நெற்றி விளக்கு என்னிடம் இருந்தது. கார்பைடு கல்லின்மேல் தண்ணீர் சொட்டி வரும் வாயுவில் எரிவது. நாற்றம் பூண்டு மாதிரி. ஒருமுறை கல் போட்டால் இரண்டரை மணி நேரம் தாங்கும். இரண்டு கையாலும் முள்ளை விலக்கி நடக்கலாம்.

அவனே வந்துவிடுவான் என்று காத்திருந்துவிட்டு, ஆறரைக்கு இருட்டியதும் நானும் பாயும் காட்டுக்குள் நுழைந்தோம். தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் கண்கள் மின்னின. மான், நரி, புல்லில் இருந்த சிலந்திகூட. மனிதக் கண் மட்டும் அப்படி மின்னாது.

"முனுசாமீ!" என்று பாய் கூப்பிட்டார். பதில் இல்லை. ஒரு மைல் போய், அதே வழியில் திரும்பினோம். மறுபடி கூப்பிட்டார். வறண்ட ஓடைக்குள் யாரோ மூச்சை அடக்குவதுபோல் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பினேன். என் காதை உரசிக்கொண்டு ஒரு கல் பறந்தது.

"கிட்ட வராதே!"

பாய் என் தோளைப் பிடித்தார். "அவன்தான் சார். நம்ம மூஞ்சி அவனுக்குத் தெரியல. விளக்கப் பாத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுன்னு நெனச்சுட்டான்."

விளக்கைக் கழற்றி பாயின் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஓடைக்குள் அழுகை வெடித்தது. கால் முறிந்து கிடந்தான் முனுசாமி. போகும்போதும் அவனைக் கடந்துதான் போயிருக்கிறோம்.

தூக்கி வரும் வழியில் பாய் கேட்டார். "பேர் சொல்லிக் கூப்டேனே, என் குரல் தெரியலையாடா?"

"தெரிஞ்சுது பாய். அதான் பயம். அஞ்சு மணி இருக்கும், மாட்டத் தேடிட்டு இருந்தேன். இப்படி வாடான்னு உங்க குரல் கூப்டுச்சு. அத நம்பி வந்துதான் விழுந்தேன்."

ஐந்து மணிக்கு பாய் ஊரில் எனக்கெதிரே உட்கார்ந்திருந்தார். இருவரும் நடையை எட்டிப் போட்டோம்.

வேலூரில் கட்டுப்போட்ட முனுசாமியின் கால் இப்போது கூடிவிட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கார்பைடு கல்லும் தண்ணீரும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் துளை அடைத்தால் குத்த ஒரு ஊசியும் வேண்டும். யாரையாவது தேடினால், கூப்பிடுமுன் உங்கள் முகத்தில் வெளிச்சம் பிடியுங்கள். உங்களை யாராவது கூப்பிட்டால், முகம் தெரிந்த பிறகு போங்கள்.